கடைவாய்ப் பல்லுக்கு ஒரு சத்தியம்

ஈறு ஆபரேஷன் தோற்பதில்லை, நோயாளிதான் தோற்கிறார் என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கம்பம் ஊரில், கேரளத்துக்கு மலையேறுகிற மெட்டு ரோடு பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் என் கிளினிக். வாசலில் 'டாக்டர் பாஜிலா, ஈறு நோய் நிபுணர்' என்று போர்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஊருக்குள் 'வையிற டாக்டர்' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். வைவேன்தான். வாயைக் குப்பைத்தொட்டியாக வைத்துக்கொண்டு வருகிறவர்களைக் கொஞ்சவா முடியும்?

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர். கால்சட்டை மாதிரி ஓரிடத்தில் கவட்டையாகப் பிரியும். ஈறு கெட்டு, எலும்பு கரைந்து, அந்தக் கவட்டை வெளியே தெரிந்துவிட்டால் அதற்குள் பிரஷ் போகாது, அழுக்கு மட்டும் போகும். நான் ஈறைத் திறந்து, சுரண்டிச் சுத்தம் செய்து, பள்ளத்தில் எலும்புத்தூளை நிரப்பி, மேலே மெல்லிய சவ்வைப் போர்த்தித் தைப்பேன். பிடிக்குமா பிடிக்காதா என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். அளவுக் கம்பி கவட்டைக்குள் பாதி தூரம் போய் முட்டினால் நம்பிக்கை உண்டு. மறுபக்கம் எட்டிப் பார்த்துவிட்டால் கையைக் கழுவ வேண்டியதுதான். மேல்பல்லைவிடக் கீழ்ப்பல் தேவலை. பல் ஆடக்கூடாது, சர்க்கரை ஏறக்கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தும் ஆள் புகையிலையைத் தொட்டால் போச்சு. சொன்ன தேதிக்கு வராமல் ஏமாற்றினாலும் போச்சு.

அதற்காகவே ஒரு ரோஸ் அட்டை வைத்திருந்தேன். பத்தாம் நாள், முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று தேதிகளை எழுதி, கையெழுத்து வாங்கி, என் மேஜை டிராயரிலேயே வைத்துக்கொள்வேன். எலும்பு வளர்ந்ததும் 'முடிந்தது' என்று எழுதி, அட்டையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைக் கையில் கொடுப்பேன். "அதுவரைக்கும் நீங்க என் ஆளு, செத்தாலும் விடமாட்டேன்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

சுருளிராஜனும் சிரித்தார். போன ஆடி மாதம் அது. ஜீப் டிரைவர், நாற்பத்தாறு வயது. விடியுமுன் சுற்றுப்பட்டு ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு, மெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவது அவர் தொழில். வலது கீழ்க் கடைவாயில் முதல் பெரிய பல் கெட்டிருந்தது. இருபது வருடமாக அதே இடத்தில் புகையிலை ஒதுக்கியிருக்கிறார். கம்பியை விட்டுப் பார்த்தேன். பாதியில் முட்டியது. பல் ஆடவில்லை, சர்க்கரையும் இல்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"பல்லக் காப்பாத்திரலாம்ணே. ஆனா இன்னையோட பொகயிலய விடணும்."

"மூணு மணிக்கு எந்திரிக்கிறவன் டாக்டரம்மா. மேல போனா ஒரே மஞ்சு, முன்னாடி போற வண்டி தெரியாது. இத ஒதுக்கலைன்னா கண்ணு சொக்கிரும்."

"கண்ணு சொக்குனா டீ குடிங்க."

இதைச் சொன்னபோது நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அட்டையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

கூட மகள் வந்திருந்தாள். மாரீஸ்வரி என்று பெயர், காலேஜில் முதல் வருடம். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டேன். புகையிலைக்காரர்களிடம் வெறும் வாய்ச்சொல் வாங்கி நான் பல தடவை ஏமாந்திருக்கிறேன். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எது உறைக்கும் என்று எனக்குத் தெரியும். "புள்ள தலையில கை வச்சுச் சொல்லுங்க" என்றேன். எங்கள் மார்க்கத்தில் படைத்தவன் பேரைத் தவிர வேறு எதன்மேலும் சத்தியம் கூடாது. அது தெரிந்தேதான் கேட்டேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "புள்ள தலையில எதுக்கு டாக்டரம்மா?"

"அப்பத்தான் பயம் இருக்கும்."

மெதுவாகக் கையைத் தூக்கி அவள் உச்சந்தலையில் வைத்தார். "இந்தப் பல்லு சரியாகுற வரைக்கும் பொகயிலயத் தொட மாட்டேன். டாக்டரம்மா சொன்ன தேதி ஒன்னக்கூடத் தவற மாட்டேன். தவறுனா..."

"போதும்ப்பா" என்றாள் அந்தப் பெண்.

புகையிலைப் பொட்டலத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி டிராயரில் போட்டு, அதன்மேல் ரோஸ் அட்டையை வைத்தேன். மறுநாள் ஆபரேஷன். தையல் போட்டதும் ஒரு எக்ஸ்ரே எடுத்தேன். கவட்டையில் கறுப்பாக இருந்த முக்கோணத்துக்குள் எலும்புத்தூள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிந்தது. அவருக்கும் காட்டினேன். இந்தக் கறுப்பு முழுக்க வெள்ளையானால் வெற்றி என்று சொன்னேன். ஒரு வாரம் வண்டி எடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

பத்தாம் நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வந்தார். தோட்டத்து ஜீப்புகள் கீழே இறங்குகிற நேரம். வெளியே சாரல். பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தார், அதிலிருந்து ஈரமும் பச்சை ஏலக்காய் வாசமும் வந்தன. தையலைப் பிரித்தேன். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. வீக்கமும் இல்லை. நூல் கோத்த அன்று இருந்த மாதிரியே வெள்ளையாக வந்தது.

"வலிச்சுச்சா?"

"ஒன்னும் தெரியல டாக்டரம்மா."

எனக்கு ஒரே பெருமை. ஜெபமணி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து என்கூட இருக்கிற நர்ஸ் அவர். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முதல் மாதமும் ஐந்தரைக்கு வந்தார். பல் விளக்குகிற லட்சணத்தைக் கண்டுபிடிக்கச் சிவப்புச் சாயம் தடவுவோம். அழுக்கு இருக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். என் பல்லில் தடவினால்கூட அங்கங்கே ஒட்டும். அவர் பல்லில் ஓரிடத்திலும் ஒட்டவில்லை.

"அந்தப் பக்கம் மெல்லலையே?"

"எந்தப் பக்கமும் மெல்லல டாக்டரம்மா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எல்லா நோயாளிகளும் இவர் மாதிரி இருந்தால் நான் எதற்கு வையப் போகிறேன் என்றுகூட அன்று ஜெபமணி அக்காவிடம் சொன்னேன்.

மூன்றாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தேன். பொறுக்க முடியாத ஆசை. கறுப்பு முக்கோணம் அப்படியே இருந்தது, வெள்ளைப் பொட்டுகளும் அப்படியே. சரி, எலும்புக்கு அவசரம் கிடையாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்றுதான் இன்னொன்றும் கவனித்தேன். வாய்க்குள் விடுகிற சின்னக் கண்ணாடி மூச்சுப் பட்டு மங்கும், நாங்கள் அதைத் துடைத்துத் துடைத்துத்தான் பார்ப்போம். அவர் வாயில் இருந்தவரைக்கும் அது மங்கவே இல்லை. ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னேன்.

அவர் போன பிறகு ஜெபமணி அக்கா ஃபிலிமைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மேடம், அந்த ஆளு வாயில விரல் வச்சேன். கொஞ்சங்கூட வெதுவெதுப்பே இல்ல."

"மலையிலருந்து எறங்கி வாறாக. ஐஸாத்தான் இருக்கும். போயி வேலயப் பாருங்க" என்று அவரையும் வைதேன்.

ஆறாம் மாதம் தை பிறந்திருந்தது. மூன்று எக்ஸ்ரேயையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை மாற்றமில்லை. வளரவில்லை என்றால் கரைந்தாவது இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் எலும்பு இரண்டில் ஒன்று செய்யும். இது இரண்டும் செய்யாமல், நான் தைத்த நிமிடத்திலேயே நின்றிருந்தது. மதுரையில் டாக்டர்கள் கூட்டத்தில் இந்தப் பல்லைக் காட்டுவதாக வேறு சொல்லி வைத்திருந்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"திருட்டுத்தனமா பொகயில போடுறீகளாண்ணே?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "இல்ல டாக்டரம்மா. புள்ள தலையில கை வச்சிருக்கேன்ல. இன்னும் எடுக்கல."

'வைத்தேன்' என்று சொல்ல வேண்டியதை இப்படிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் மனது கேட்கவில்லை. பாவம், ஒரு தேதி தவறாமல் வருகிற மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அட்டையில் 'ஒன்பதாம் மாதம்' என்று சேர்த்து எழுதினேன். வந்துபோகிறவர்களின் போனுக்கு ஜெபமணி அக்கா நன்றி மெசேஜ் அனுப்புவது வழக்கம். அன்றைக்கு அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: 'உங்களைப் போல ஒழுங்கான நோயாளியை நான் பார்த்ததில்லை.'

மூன்றாம் நாள் காலையில் மாரீஸ்வரி வந்தாள். அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே நடந்தாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் நாங்கள் அனுப்பிய நன்றி மெசேஜ் இருந்தது.

"எங்கப்பா பேர்ல யாரு இங்கன வாறது?"

"உங்கப்பாதான் வாறாக."

"எங்கப்பா செத்து ஆறு மாசமாச்சு."

ஜெபமணி அக்கா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. எனக்கு அந்தச் சத்தம் எங்கோ அடுத்த தெருவில் கேட்ட மாதிரி இருந்தது.

அவளே உட்கார்ந்து சொன்னாள். ஆபரேஷன் முடிந்து நாலாம் நாளே அவர் வண்டி எடுத்துவிட்டார், காய் பறிக்கிற சீசன். பெண்களை இறக்கிவிட்டுத் தனியாக இறங்கி வரும்போது ஜீப் வளைவில் திரும்பாமல் நேரே போயிருக்கிறது. கேரளா பக்கத்து ஆஸ்பத்திரியில்தான் உடம்பைக் கொடுத்தார்கள்.

"பகல் எட்டு மணி. வெளிச்சமா இருந்துச்சு. பிரேக் பிடிச்ச தடமே இல்லையாம். தூங்கிட்டாகன்னு சொன்னாக. போகும்போதே கண்ணக் கசக்கிக்கிட்டே போனாகளாம். வண்டியில இருந்த அக்கா ஒருத்தவுக பொகயில நீட்டியிருக்காக. 'வேணாத்தா, புள்ள தலையில கை வச்சிருக்கேன்'னு சொன்னாகளாம்."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அந்த விபத்துச் செய்தியைப் பேப்பரில் பார்த்த ஞாபகம் எனக்கு இருந்தது. 'ஜீப் கவிழ்ந்து டிரைவர் பலி' என்று நாலு வரி. பெயர்கூடப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பினேன். டீ குடிங்க என்று சொன்னவள் நான். நான்தான் அந்த மனிதரைக் கொன்றேன் என்று அன்று எனக்குத் தோன்றியது, இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

"மொதல்ல மெசேஜ் வந்தப்ப கம்ப்யூட்டர் அனுப்புதுன்னு விட்டுட்டேன்" என்றாள் மாரீஸ்வரி. "ஆனா அது வாற அன்னைக்கெல்லாம் சாயங்காலம் என் தலையில யாரோ கை வச்ச மாதிரி பாரம். ஈரக் கை. மொத தடவ லேசா இருந்துச்சு. இப்ப நாலாவது தடவ, கழுத்தே ஒடிஞ்சிரும்போல. மூணு நாளாச்சு, இன்னும் நிமுர முடியல."

அவள் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அவள் முடி அந்த ஓரிடத்தில் மட்டும் சில்லென்று நனைந்திருந்தது.

அட்டையை அப்போதே கிழித்துப் போட்டுவிடலாம் என்றார் ஜெபமணி அக்கா. மாரீஸ்வரி வேண்டாம் என்றாள். "அப்பா அன்னைக்கு வந்து நிப்பாக. சொன்ன சொல்ல முடிக்காமப் போக மாட்டாக. அவுககிட்டச் சொல்லித்தான் முடிக்கணும்." ஒன்பதாம் மாதம்வரை அந்தப் பிள்ளை தாங்குவாளா என்பதே எனக்குப் பயமாக இருந்தது. பங்குனிக்குள் படிப்பை நிறுத்திவிட்டாள். சுவரில் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. ஐந்தாவது தடவை அந்தக் கை அழுத்தினால் என்ன ஆகும் என்று நாங்கள் மூன்று பேருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

சித்திரையில் அந்த நாள் வந்தது. மாரீஸ்வரியை வரச் சொல்லி வெளி அறையில் உட்காரவைத்தேன். மற்ற நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மழை பெய்து ரெண்டு மாதமாகியிருந்தது, ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. ஐந்தரைக்குக் கதவு திறந்தது. பச்சை ஏலக்காய் வாசம் முதலில் வந்தது, பிறகு அவர். அதே ஸ்வெட்டர், அதே ஈரம். மகளைக் கடந்துதான் வந்தார். அவளைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவள் தலை மட்டும் முழங்காலைத் தொடுகிற மாதிரி குனிந்துகொண்டே போனது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். எக்ஸ்ரே எடுத்தேன், பார்க்கவே இல்லை. நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். இன்னொருவருடைய ஃபிலிம், நல்லபடியாக எலும்பு வளர்ந்த ஒன்று, தயாராகத் திரையில் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் பொய்.

"வளந்துருச்சுண்ணே. பாருங்க, கறுப்பே இல்ல. உங்களுக்கு முடிஞ்சுருச்சு."

அவர் எழுந்து திரைக்குக் கிட்டே வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். படம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தானே.

"இது என் பல்லு இல்லையே டாக்டரம்மா. எனக்குப் பக்கத்துப் பல்லுல வெள்ளி அடச்சிருக்குமே."

வெளி அறையில் மாரீஸ்வரி முனகுகிற சத்தம் கேட்டது. ஜெபமணி அக்கா "ஏசப்பா, ஏசப்பா" என்று சொல்லிக்கொண்டே அவளைத் தாங்கிப் பிடித்தது கதவிடுக்கில் தெரிந்தது.

நான் அந்தப் படத்தை எடுத்துவிட்டு அவருடையதைப் போட்டேன். கறுப்பு முக்கோணம், அதற்குள் அதே வெள்ளைப் பொட்டுகள்.

"அப்ப நான் எதுலயோ தவறிட்டேன்" என்றார். "எதுல டாக்டரம்மா? பொகயில தொடலையே. தேதி விடலையே. புள்ளைக்கு ஒன்னும் ஆயிராதுல்ல?"

ஒரு நோயாளி தோற்றால் அவர் கேட்குமுன்பே காரணத்தை நீட்டுகிறவள் நான். அன்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நீங்க ஒன்னுலயும் தவறலண்ணே. தோத்தது நான். மூணு மணிக்கு எந்திரிக்கிறேன், கண்ணு சொக்கும்னு நீங்க சொன்னீக. நான் காது குடுக்கல. புள்ள தலையில கை வைக்கச் சொன்னதும் தப்பு. அது என் தப்பு, உங்க மேலயும் இல்ல, புள்ள மேலயும் இல்ல. கைய எடுத்துருங்கண்ணே."

அவர் புரியாமல் என்னையே பார்த்தார். டிராயரிலிருந்து ரோஸ் அட்டையை எடுத்து, அவர் பார்க்கும்படியாக எழுதினேன்: 'தோற்றது. நோயாளி காரணம் இல்லை. டாக்டர் காரணம்.' கையெழுத்துப் போட்டேன். இரண்டாகக் கிழித்துப் பாதியை நீட்டினேன். வாங்கினார். விரல் பட்ட இடம் எனக்கு இன்றும் மரத்துப் போயிருக்கிறது.

"பல்லப் புடுங்கணுமா?"

"வேணாம். உங்க கூடவே இருக்கட்டும்."

அட்டையை மடித்து ஸ்வெட்டருக்குள் வைத்தார். அப்புறமும் போகாமல் தயங்கி நின்றார். "அன்னைக்கு ஒரு பொட்டலம் வாங்கி வச்சீகளே. இருக்குமா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே பிரித்து, ஒரு துண்டு கிள்ளி, நான் கீறித் தூள் நிரப்பித் தைத்த அதே இடத்தில், வலது கடைவாயில் ஒதுக்கினார். நான் வையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கண் அகலத் திறந்தது. ஒன்பது மாதத்தில் அந்தக் கண்ணை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"வாறேன் டாக்டரம்மா."

கதவைத் திறந்துகொண்டு அவர் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வெளி அறையில் ஏலக்காய் வாசம் மட்டும் இருந்தது. மாரீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். உச்சந்தலையைத் தடவிவிட்டு, காய்ந்த உள்ளங்கையை என்னிடம் காட்டினாள்.

"கைய எடுத்துட்டாக" என்றாள். "என்ன சொன்னாக?"

"வாறேன்னு சொன்னாக. கண்ண நல்லா முழிச்சுக்கிட்டாக."

அதைக் கேட்டதும் அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். அப்பா செத்ததிலிருந்து அவள் அழுவது அதுதான் முதல் தடவையாம்.